படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை: சுகர்காரர்களுக்கு பி.பி. இப்படிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டி உங்கள் நாளிதழில் சுகர் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. கண், சிறுநீரகம், கால் புண் என்று அவற்றில் வந்ததையெல்லாம் படித்துப் பயன் அடைந்தவள் நான். ஆனால் என்னைப் பல வருஷமாகவும், இப்போது என் தம்பியையும் வாட்டுகிற பாதிப்பைப் பற்றி ஒரு பத்தி கூடப் படித்த நினைவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகர் நரம்பைக் கெடுக்கும் என்றால் எல்லோருக்கும் கால் எரிச்சலும் மரத்துப்போவதும்தான் ஞாபகம் வரும். நாம் சொல்லாமலே உடம்பு தானாகச் செய்துகொள்கிற வேலைகளுக்கென்று தனியாக நரம்புகள் இருக்கின்றன. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, இரைப்பை, சிறுநீர்ப்பை எல்லாம் அவற்றின் பொறுப்பு. தன்னியக்க நரம்புகள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பல வருஷ சுகரில் இவையும் கெடும். பார்கின்சன், தொழுநோய், சில புற்றுநோய் மருந்துகள் என்று வேறு காரணங்களாலும் கெடலாம். ஆனால் நம் ஊரில் சுகர் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று யோசியுங்கள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுகர் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியதே நம் சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம்தான்.

தம்பிக்கு ஓட்டேரியில் சின்ன டிபன் கடை. என்னைவிட ஆறு வயது இளையவன். அவனுக்குச் சுகர் வந்து 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடியற்காலையில் போய் அடுப்பைப் பற்றவைத்து, கூட்டம் குறையும்வரை தோசைக்கல் முன்னால் நிற்பவன். போன வருஷம் கோடை முடிந்த சமயத்தில் நிற்கும்போது தள்ளாட ஆரம்பித்தான். கண் இருட்டிக்கொண்டு வரும், பின்கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்கும், சுவரைப் பிடித்துக்கொள்வான். உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். காலையில்தான் அதிகம். ஒரு நாள் கல்லின் விளிம்பில் கையை ஊன்றி, உள்ளங்கை வெந்துபோனது.

பார்த்தவர்கள் குடி என்றார்கள். சொட்டு கூடத் தொடாதவன் அவன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரித்தபோது, "அவர் காலையிலேயே போட்டுக்குவாரு" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அவன் மனைவியும் அவன் வாயை முகர்ந்து பார்க்கும் நிலைமைக்கு வந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தள்ளாடுகிற மனிதனைப் பார்த்தால் இந்த ஊரில் வேறு என்ன தோன்றும்?

அவன் பார்த்துவந்த மருத்துவர் நாற்காலியில் உட்காரவைத்து பி.பி. பார்த்தார். 160-க்கு மேல் இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டினார். காதுக் கோளாறாக இருக்கலாம் என்று தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். இன்னொரு இடத்தில், சிறுநீர் முழுதாகப் போகவில்லை என்று புராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை. வேறொருவர் கால் எரிச்சலுக்காக இரவில் போடச் சொன்னது அமிட்ரிப்டிலின். பி.பி. மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, எரிச்சல் மாத்திரை இந்த மூன்றுமே எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடக்கூடியவை. மூன்று சீட்டும் மூன்று பேர் எழுதியது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. இவன் தள்ளாட்டம் கூடிக்கொண்டே போனது.

எனக்கு இது புதிதல்ல. என் வீட்டில் பி.பி. மிஷின் இருக்கிறது. தம்பியை வரச்சொல்லி ஐந்து நிமிஷம் அசையாமல் படுக்கவைத்துப் பார்த்தேன். 158-க்கு 90, நாடித்துடிப்பு 88. எழுந்து நிற்கச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் மேல் எண் 118. மூன்றாவது நிமிஷத்தில் 104-க்கு 66. நாடித்துடிப்பு மட்டும் 91-லேயே நின்றது. "அக்கா, இருட்டிக்கிட்டு வருது" என்றான். உட்காரவைத்துவிட்டேன்.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்திருப்பது முக்கியம், அதனால் விளக்குகிறேன். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி, மூளைக்குப் போகிற ரத்தத்தைக் காப்பாற்றுகின்றன. அந்த நரம்பு கெட்டிருந்தால் அழுத்தம் சரிகிறது. எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20-ஓ, கீழ் எண் 10-ஓ குறைந்தாலே அது குறைபாடு என்பது கணக்கு. தம்பிக்கு 54 குறைந்தது. உடம்பில் நீர் வற்றி அழுத்தம் இறங்குகிறவர்களுக்கு நாடித்துடிப்பு படபடவென்று ஏறும். இவனுக்கு ஏறவே இல்லை. இதயத்துக்குப் போகிற நரம்பும் அடிபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவனுடன் நானே நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் ஈ.சி.ஜி. மாட்டி, நிமிஷத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொன்னார். நல்ல நரம்பு இருந்தால் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடும், விடும்போது குறையும். இவனுக்கு மாற்றமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. பி12 பார்த்தார். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அந்தக் குறைவும் நரம்பைக் கெடுக்கும் என்பதால். பிறகு மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்று உட்கார்ந்து முடிவெடுத்தார். (இதைப் படிக்கிற யாரும் தாமாக பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். படுத்திருக்கும்போது இவர்களுக்கு அழுத்தம் ஏறிக்கிடக்கும், அதுவும் ஆபத்துதான்.)

அன்று வெளியே வந்ததும் தம்பி அழுதான். நோய் உறுதியானதற்கு அல்ல. "குடிகாரன் இல்லைன்னு இப்ப இவளுக்குத் தெரியும் இல்லக்கா" என்றான். அவன் மனைவி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு முதலில் அடிபட்டது இரைப்பை. இரவு சாப்பிட்டது காலையில் அப்படியே வெளியே வரும். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். இரைப்பையை இயக்குகிற நரம்பு மந்தமாகிவிட்டதால் உணவு அங்கேயே தங்கிவிடுகிறது. சுகர்காரர்களுக்கு எல்லோரும் சொல்வது கீரை, பச்சைக் காய்கறி, நார்ச்சத்து. எனக்கு மருத்துவர் சொன்னது அதற்கு நேர்மாறு. நார் அதிகம் உள்ளதையும் எண்ணெய் அதிகம் உள்ளதையும் குறைத்து, குழைந்த சாதம், ரசம், இட்லி, மசித்த காய் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடச் சொன்னார். உறவினர் வீட்டுக்குப் போனால் "சுகர் வெச்சுக்கிட்டு கீரையை ஒதுக்கறியே" என்பார்கள். எத்தனை பேருக்கு விளக்க முடியும்? இன்சுலின் விஷயம் இன்னும் சிக்கல். ஊசி நேரத்துக்கு வேலை செய்யும், உணவு நேரத்துக்கு இறங்காது. சாப்பிட்ட பிறகும் லோ சுகர் வரும், சில மணி நேரம் கழித்துத் தலைகீழாக ஏறும். ஊசி எப்போது போடுவது என்பதை மருத்துவர் எனக்கென்று தனியாக மாற்றி அமைத்துத்தான் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது.

அதைவிட எனக்குப் பயம் தருவது, லோ சுகர் வருவது இப்போது எனக்குத் தெரிவதில்லை. மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதும் இதே நரம்புகள்தான். எனக்கு நேராகப் பேச்சு குழறும், அல்லது எதிரில் நிற்பவரைப் பார்த்து வெறிப்பேன். அதனால் வெளியே கிளம்புவதற்கு முன்னும் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னும் விரலில் குத்திப் பார்த்துவிடுகிறேன். மாரடைப்பும் இப்படித்தான், நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். திடீர் மூச்சிரைப்போ, காரணமில்லாத களைப்போ வந்தால் காத்திருக்காதே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் மகன், மருமகள் இருவருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குக் கால்களில் வியர்ப்பதே இல்லை, பாதம் வறண்டு வெடித்துப்போகும். தலையிலும் கழுத்திலும் மட்டும் ஊற்றும், அதுவும் சாப்பிட உட்கார்ந்தால். வியர்க்காத உடம்புக்குச் சூட்டை வெளியேற்ற வழியில்லை. சென்னையில் கத்திரி வெயிலில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் 11 மணிக்கு மேல் நான் வெளியே போவதில்லை. கைப்பையில் ஈரத்துண்டு இருக்கும். தம்பிக்கு அடுப்பே வேலை. அவன் நிலைமையை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது.

இன்னொன்று. ஆண்கள் இதைப் படிக்கிறார்கள் என்பதால் கூச்சப்படாமல் எழுதுகிறேன். இந்த நரம்புகள் கெடும்போது தாம்பத்தியமும் பாதிக்கப்படும். பல ஆண்களுக்கு அதுவே முதல் அறிகுறிகளில் ஒன்று. தம்பி அக்காவிடம் எப்படிச் சொல்வான்? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டினான். அதற்கு முன்பே, லாட்ஜில் வந்து தங்கி மருந்து கொடுக்கிறவர்களிடம் நிறைய பணத்தை விட்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. இதில் ஆண்மை, வெட்கம் என்று எதுவுமே இல்லை. சுகர் மருத்துவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டிய அறிகுறி இது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? எனக்குப் பலன் கொடுத்ததைத்தான் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்தேன். காலையில் கட்டிலிலிருந்து சட்டென்று எழக் கூடாது. இறங்கும் முன் இரண்டு பெரிய டம்ளர் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் குடித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, கையை இறுக்கி மூடித் திறந்து, பிறகுதான் எழ வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடிக்கு மேல் உயர்த்தியிருக்கிறோம். படுக்கையில் அழுத்தம் ஏறுவதும், காலையில் தடாலென்று விழுவதும் இரண்டுமே இதனால் குறையும். வயிறு முட்டச் சாதம் சாப்பிட்டால் சாப்பிட்ட பிறகு அழுத்தம் இறங்கும், அதனால் கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடக் கூடாது. சுடுநீர்க் குளியல் ஆகாது, வெதுவெதுப்பான நீரில் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க வேண்டும், குளியலறையைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. சிறுநீர்ப்பை நிறைந்ததே தெரியாமல் போகும் என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்துப் போகிறேன். தேங்கினால் தொற்று வரும். வயிற்றில் இறுக்கமான பெல்ட், தொடைவரை ஏறுகிற ஸ்டாக்கிங்ஸ், தேவைப்பட்டால் அழுத்தத்தை ஏற்றுகிற மிடோட்ரின் போன்ற மாத்திரை எல்லாம் மருத்துவர் சொல்லித்தான். மிடோட்ரின் போட்டுக்கொண்டு அடுத்த நான்கு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது என்பதை அந்தந்த வீட்டார் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உப்பு விஷயமும் அப்படித்தான். சிலருக்கு உப்பைக் கூட்டச் சொல்வார்கள், ஆனால் சிறுநீரகமும் இதயமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான்.

தம்பி இப்போது கல்லாவில் உட்காருகிறான். தோசைக்கல்லுக்கு ஒரு பையனை வைத்திருக்கிறான். கடை நடக்கிறது. ஆனால் கல்லுக்கு முன்னால் நிற்க முடியவில்லையே என்கிற வருத்தம் அவனுக்கு இருக்கிறது. அவன் கை ரவா தோசைக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். "எல்லாம் சரியாயிடும்" என்று நான் அவனிடம் சொல்வதில்லை. கெட்ட நரம்பு பெரும்பாலும் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். அவன் எரிந்து விழுகிற நாளில் பதில் பேசாமல், நோட்டில் படுத்த கணக்கும் நின்ற கணக்கும் எழுதினாயா என்று மட்டும் கேட்பேன். அவன் மனைவி இப்போது என்னைவிட நன்றாக அளக்கிறாள். அவளாகவே தெருவில் நாலு பேரிடம் போய் "அவருக்கு எழுந்து நின்னா பி.பி. விழுற வியாதி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் தேறியதற்கு மாத்திரைக்குச் சமமாக அதுவும் காரணம் என்று நான் நம்புகிறேன். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், "சோம்பேறித்தனம்", "மனப்பிரமை" என்ற பேச்சை முதலில் வீட்டாரே நிறுத்த வேண்டும்.

திரும்பாது என்றாலும் தடுக்க முடியும். 1993-ல் வந்த அமெரிக்க ஆய்வில், டைப் 1 சுகர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புப் பாதிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. டைப் 2 உள்ள 160 பேரை டென்மார்க்கில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை, பி.பி., கொழுப்பு மூன்றையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்குத் தன்னியக்க நரம்புக் கேடு முற்றுவது வெகுவாகக் குறைந்தது. அதாவது நேரத்தில் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. டைப் 2 என்றால் சுகர் தெரிந்த நாளிலிருந்தும், டைப் 1 என்றால் 5 ஆண்டு கழித்தும், ஆண்டுக்கு ஒரு முறை இந்த நரம்புப் பாதிப்பின் அறிகுறிகளைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது.

இனி என் கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. நடமாட முடியாத பல முதியவர்களுக்கு அது பெரிய உதவி. அந்தத் திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் கையில் பி.பி. மிஷினும் இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கட்டிலோ பாயோ இருக்கும். சுகர் உள்ளவரைப் படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு நிமிஷத்தில் ஒரு முறை, மூன்றாம் நிமிஷத்தில் ஒரு முறை பார்த்து, மூன்றையும் அட்டையில் எழுதச் சொன்னால் போதும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண் இறங்கினால் மருத்துவரிடம் அனுப்பலாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுகர் பிரிவிலும் ஆண்டுக்கு ஒரு முறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதே அட்டையில், வேறு இடங்களில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளையும் எழுத ஓர் இடம் வேண்டும். என் தம்பிக்கு இருந்த மூன்று சீட்டு நிலைமை இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ!

அப்புறம், வரிசைகளில் நாற்காலி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. எங்கள் பாதிப்பு அதில் பெயர் சொல்லி இல்லை. பார்த்தால் நாங்கள் நன்றாக இருப்பவர்களாகத்தான் தெரிவோம். நியாயவிலைக் கடையிலும், மருத்துவமனைப் புறநோயாளி வரிசையிலும், வங்கியிலும் நாங்கள் அசையாமல் நின்றால் விழுவோம். நான் மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையில் கொண்டுபோகிறேன். எல்லோராலும் முடியாது. டோக்கன் கொடுத்து உட்காரவைப்பது எந்த அலுவலகத்துக்கும் முடியாத காரியம் இல்லை.

மக்கள் நல்வாழ்வுத் துறையின் பார்வைக்கு இது போக வேண்டும் என்று உங்கள் நாளிதழை நம்பி எழுதுகிறேன். அளந்து காட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால், அயனாவரம், பெரம்பூர், ஓட்டேரி பக்கம் எந்தச் சுகாதார நிலையத்துக்கும் வந்து தன்னார்வலர்களுக்குச் செய்து காட்ட நான் தயார். காலை 10 மணிக்கு மேல் என்றால் நல்லது, அதற்கு முன் என்னால் நெடுநேரம் நிற்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
அயனாவரம், சென்னை – 23

(பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தம்பி மகளின் கல்யாணப் பேச்சு மறுபடி நடப்பதால் அவற்றை அச்சிட வேண்டாம்.)